குடும்பச் சொத்தாகத் தெரிந்த கிருமி: பரூக் பிளம்பெர்க்கும் ஹெபடைட்டிஸ் பி-யும்

பாட்டி கல்லீரல் சுருங்கி இறந்துபோனார். மாமாவுக்கு நாற்பத்தைந்து வயதில் கல்லீரலில் கட்டி. இப்போது அம்மாவின் ஸ்கேனிலும் ஏதோ தெரிகிறது. இப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்தால் நம்மில் பலரும் சொல்வது ஒன்றுதான்: "அவங்க பரம்பரையிலேயே கல்லீரல் வீக்." குடிப்பழக்கமே இல்லாத குடும்பம் என்றால் அந்த நினைப்பு இன்னும் உறுதியாகிவிடும்.

தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிற ஒன்றைப் பார்த்து, இது பரம்பரைதான் என்று நினைப்பதில் வியப்பில்லை. 1960களில் அமெரிக்க ஆய்வாளர் பரூக் பிளம்பெர்க்கும் அப்படித்தான் நினைத்தார். சிலருடைய ரத்தத்தில் மட்டும் தென்பட்ட ஒரு புரதத்தை அவர் பரம்பரைக் கூறு என்று கருதி, அதை நிரூபிக்கக் குடும்பம் குடும்பமாக ரத்தம் சேகரித்தார். அந்தப் புரதம் பிறகு, கல்லீரல் அழற்சியை (ஹெபடைட்டிஸ்) உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறை என்று தெரியவந்தது. 1976இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28ஆம் தேதியைத்தான் உலகம் ஹெபடைட்டிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பைத் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பிளம்பெர்க் கல்லீரலைத் தேடிப் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் தன் யூகம் பொய்யாகக்கூடிய இடம் எது என்று தேடி, அங்கேயே போய்ச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு முறை யூகம் உடைந்தபோதும் அடுத்த கேள்வி கையில் கிடைத்தது. இந்தப் பழக்கம் இல்லாத இன்னொருவரிடம் அதே ரத்தமும் அதே கருவியும் இருந்திருந்தால், ஓர் அபூர்வமான பரம்பரைப் புரதம் பற்றிய சிறு கட்டுரையோடு விஷயம் முடிந்திருக்கும்.

1925இல் நியூயார்க்கில் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் வேலை. அப்புறம் இயற்பியல் படிப்பு, கொஞ்ச காலம் கணிதம், கடைசியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம். மாணவராக இருந்தபோது 1950இல் தென் அமெரிக்காவின் சுரினாமில் மோயெங்கோ என்ற பாக்ஸைட் சுரங்க ஊருக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கினார். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று பலரும் அந்தப் பகுதியில் ஒன்றாக வாழ்ந்தார்கள். அங்கே யானைக்கால் நோய் பரவலாக இருந்தது. கொசுவும் சூழலும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு இனத்தாரிடம் நோய் அதிகமாக இருந்தது, இன்னொரு இனத்தாரிடம் குறைவாக இருந்தது. ஒரே ஊரில் ஒரே கிருமி ஏன் ஆளுக்கு ஒரு விதமாகத் தாக்குகிறது? இந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

பதில் ரத்தத்தில் இருக்கும் என்று அவர் நம்பினார். நமக்குள் ரத்தப் பிரிவு மாறுபடுவதுபோல மற்றப் புரதங்களும் மாறுபடுகின்றன. அந்த வேறுபாடுகளைப் பட்டியலிட்டால், யாருக்கு எந்த நோய் வரும் என்பதற்கு ஒரு வழி தெரியும் என்பது அவர் எண்ணம். ஆக்ஸ்ஃபோர்டில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியபின், 1957இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தார். நைஜீரியா, அலாஸ்கா, பசிபிக் தீவுகள் என்று உலகம் சுற்றிச் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) சேர்த்து உறைபெட்டிகளில் அடுக்கினார்.

அவர் கையாண்ட உத்தி எளிமையானது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நோயாளிகளின் உடலுக்குள் பல பேருடைய புரதங்கள் போகின்றன. தன்னிடம் இல்லாத புரதம் உள்ளே வந்தால் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும். ஆகவே அந்த நோயாளிகளின் சீரத்தை வைத்தே மற்றவர்களின் ரத்தத்தில் இருக்கும் புதிய புரதங்களைப் பிடித்துவிடலாம். அகார் ஜெல்லியை ஒரு தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றிச் சில குழிகள் வெட்டுவார்கள். நடுக்குழியில் நோயாளியின் சீரம், சுற்றுக்குழிகளில் வேறு வேறு மனிதர்களின் சீரம். இரண்டும் ஜெல்லிக்குள் மெதுவாக ஊறி நகரும். ஒன்றுக்கொன்று பொருந்தும் ஆன்டிபாடியும், அதைத் தூண்டிய அந்நியப் புரதமான ஆன்டிஜெனும் சந்தித்தால், அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு விழும்.

தேசிய சுகாதார நிறுவனத்தின் ரத்த வங்கியில் வேலை செய்த ஹார்வி ஆல்டர் என்ற இளம் மருத்துவர் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார். 1963இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹீமோஃபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளி ஒருவரின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு மட்டும் கோடு போட்டது. அதுவரை அவர்கள் பார்த்துவந்தவை கொழுப்புப் புரதங்கள். அவற்றின் கோடுகள் கொழுப்புச் சாயம் போட்டால் நீலமாகும். இந்தக் கோடு நீலச் சாயத்தை ஏறக்குறைய ஏற்கவே இல்லை, புரதச் சாயம் போட்டதும் சிவப்பாக மாறியது. கொழுப்பு மிகக் குறைவு, பெரும்பகுதி புரதம் என்பது அதன் பொருள். கிடைத்த இடத்தை வைத்து அதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்தார்கள்.

இதற்கு அடுத்து நடந்தவற்றைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும். உறைபெட்டியில் இருந்த ஆயிரக்கணக்கான சீரங்களை எடுத்துச் சோதித்தார்கள். அமெரிக்காவின் ஆரோக்கியமான மக்களிடம் இந்த ஆன்டிஜென் ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைப்பதே அரிது. வெப்ப நாடுகளிலும் ஆசியாவிலும் தாராளமாக இருந்தது. பிலிப்பைன்ஸின் செபு தீவில் குடும்பங்களைச் சோதித்தபோது, அது ஒரே குடும்பத்தில் கொத்தாகக் கிடைத்தது. தாயிடமும் பிள்ளைகளிடமும் இருந்தது, அண்ணன் தம்பிகளிடம் இருந்தது. மரபியல் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போனது. அப்படியானால் இது பரம்பரைக் கூறுதான் என்று எழுதினார்கள்.

அமெரிக்காவிலேயே ஒரு கூட்டத்தாரிடம் மட்டும் அது அதிகமாக இருந்தது: அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் ரத்தப் புற்றுநோயாளிகள். இரண்டு விளக்கங்கள் சாத்தியம். புற்றுநோயாலோ சிகிச்சையாலோ இது வந்திருக்கலாம். அல்லது இந்தப் புரதத்தோடு பிறந்தவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருக்கலாம். பிளம்பெர்க் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். அது சரியா என்று பார்க்க, ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் உள்ள, ஆனால் இன்னும் அது வராதவர்களைச் சோதிக்க வேண்டும். கூடுதல் குரோமோசோமோடு பிறப்பதால் வரும் டவுன் நோய்க்குறி உள்ளவர்கள் அப்படிப்பட்டவர்கள். சோதித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேரிடம் ஆன்டிஜென் இருந்தது. யூகம் வென்றதுபோலத் தோன்றியது.

வேறொருவராக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். பிளம்பெர்க்கின் குழு இன்னும் ஒரு படி போனது. டவுன் நோய்க்குறியோடு அப்போதுதான் பிறந்த குழந்தைகளைச் சோதித்தார்கள். அவர்களிடம் ஆன்டிஜென் இல்லை. பெரிய காப்பகங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களிடம் அதிகம், சிறிய காப்பகங்களில் குறைவு, வீட்டில் வளர்ந்தவர்களிடம் அதைவிடக் குறைவு. பிறவிக் கூறு எங்கே வசிக்கிறோம் என்பதைப் பார்த்து மாறாது. தொற்றுதான் மாறும்.

1966இல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. முதல் சோதனையில் ஆன்டிஜென் இல்லாத ஒரு டவுன் நோய்க்குறி நோயாளிக்கு, மறுமுறை சோதித்தபோது இருந்தது. பரம்பரைக் கூறு இடையில் வந்து ஒட்டிக்கொள்ள முடியாது. இதை ஆய்வகத் தவறு என்று ஒதுக்காமல், இடைப்பட்ட காலத்தில் அவருக்கு என்ன ஆனது என்று தேடினார்கள். அவருடைய கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன. வெளியே தெரியாத ஹெபடைட்டிஸ் அது. 1967இல் பிளம்பெர்க்கின் ஆய்வகத்தில் ஆன்டிஜெனைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்த பெண் ஊழியர் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனது. தன் ரத்தத்தைத் தானே எடுத்து ஜெல்லியில் வைத்தார். மறுநாள் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது, அதன்பிறகு கண் மஞ்சளானது. அவர் குணமடைந்தார். சோதனை மூலம் முன்கூட்டியே கண்டறியப்பட்ட முதல் ஹெபடைட்டிஸ் பி நோயாளி அவர்.

இதையெல்லாம் எழுதியபோது பலர் நம்பவில்லை. கல்லீரல் துறைக்கே அந்நியரான ஒரு மரபியல்காரர், நூற்றுக்கணக்கானோர் வருஷக்கணக்காகத் தேடிய ஹெபடைட்டிஸ் வைரஸின் அடையாளத்தைக் கண்டுவிட்டேன் என்கிறாரே என்ற தயக்கம் இயல்புதான். ஜப்பானில் ஒகோச்சியும் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் பிரின்ஸும் தனித்தனியே செய்த ஆய்வுகள் அந்தத் தயக்கத்தைப் போக்கின. ஆன்டிஜென் உள்ள ரத்தத்தை ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஹெபடைட்டிஸ் அதிகம் வருகிறது என்று ஒகோச்சி காட்டினார். 1970இல் லண்டனில் டேவிட் டேன் மின்னணு நுண்ணோக்கியில் முழு வைரஸையே பார்த்தார்.

இதன் பலன் முதலில் ரத்த வங்கிகளில் தெரிந்தது. 1960களில் அமெரிக்காவில் திறந்த இதய அறுவை சிகிச்சைக்கு நிறைய ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் 30 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஹெபடைட்டிஸ் வந்துகொண்டிருந்தது. காசுக்கு ரத்தம் விற்பவர்களை விலக்கி, ஆன்டிஜென் சோதனையையும் கட்டாயமாக்கியபின் அது பெருமளவு குறைந்தது. அப்படியும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை ஹார்வி ஆல்டர் விடாமல் துரத்தினார். அதுதான் 1989இல் ஹெபடைட்டிஸ் சி என்று அடையாளம் காணப்பட்டது. 2020இல் ஆல்டருக்கும் மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

தடுப்பூசி இன்னும் விசித்திரமான வழியில் வந்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸை அன்றைக்கு ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. வளர்க்காமல் எப்படி ஊசி செய்வது? ஆனால் நோயை உடலில் வைத்திருப்பவர்களின் ரத்தத்தில் வைரஸ் தன் மேலுறைப் புரதத்தை அளவுக்கு மேல் தயாரித்துக் கொட்டுகிறது. உள்ளே மரபுப் பொருள் இல்லாத, 22 நானோமீட்டர் அளவுள்ள வெறும் உறைத் துகள்கள் அவை. அவற்றால் நோய் தர முடியாது, ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்ப முடியும். 1964 முதல் ஃபிலடெல்ஃபியாவின் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் இருந்த பிளம்பெர்க், சக ஆய்வாளர் இர்விங் மில்மனோடு சேர்ந்து 1969இல் இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டார். மனித ரத்தத்திலிருந்து தடுப்பூசி என்பதைக் கேட்டவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். மெர்க் மருந்து நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மன் அதைத் தூய்மையாக்கும் வழியைக் கண்டார். நியூயார்க்கில் வுல்ஃப் ஷ்முனெஸ் 1,083 ஆண்களிடம் நடத்திய சோதனையில் ஊசி 90 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றியது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1986இல் ஈஸ்ட்டில் அதே புரதத்தைத் தயாரிக்கும் முறை வந்தபிறகு மனித ரத்தம் தேவைப்படவில்லை. இந்தியாவில் 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் அந்த முறையில் ஊசியைத் தயாரித்தது. வெளிநாட்டு ஊசி பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த நிலை அதன்பிறகுதான் மாறியது.

சரி, குடும்பத்தில் கொத்தாக வந்தது ஏன்? பதில் பிரசவ அறையில் இருந்தது. தாயிடம் வைரஸ் இருந்தால், பிரசவத்தின்போது அவள் ரத்தம் குழந்தைக்குப் படுகிறது. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்று வந்தால் 95 சதவீதம் பேரின் உடல் அதை வென்றுவிடும். கைக்குழந்தையின் எதிர்ப்புச் சக்தியோ அதை எதிரி என்றே அடையாளம் காண்பதில்லை. அதனால் பிறந்தவுடன் தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறைய 90 சதவீதத்தினரிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. முப்பது நாற்பது வருஷம் சத்தமில்லாமல் கல்லீரலுக்குள் இருந்து, சிலருக்குக் கல்லீரல் சுருக்க நோயாகவும் சிலருக்குப் புற்றுநோயாகவும் வெளிப்படுகிறது. அப்படித் தொற்றிய பெண் குழந்தை வளர்ந்து தாயானால் சங்கிலி அடுத்த தலைமுறைக்கு நீள்கிறது. மரபணு வழியே போவதுபோலவே தோற்றம், ஆனால் போவது கிருமி. பிளம்பெர்க்கின் குழு செனெகலில் கல்லீரல் புற்றுநோயாளிகளின் பெற்றோரைச் சோதித்தபோது, தாய்மாரிடம் ஆன்டிஜென் அதிகமாக இருந்தது இதைத்தான் சுட்டியது.

இந்த வேறுபாடு வெறும் அறிவியல் நுணுக்கம் அல்ல. பரம்பரை என்றால் தலைவிதி என்று உட்கார்ந்துவிட வேண்டியதுதான். தொற்று என்றால் சங்கிலியை அறுக்கலாம். தைவானில் அமெரிக்க மருத்துவர் பால்மர் பீஸ்லி 22,707 அரசு ஊழியர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்தார். 1981இல் அவர் வெளியிட்ட முடிவில், கல்லீரல் புற்றுநோயால் இறந்த 41 பேரில் 40 பேரிடம் ஆன்டிஜென் முன்பே இருந்தது. 1984இல் அந்த நாடு தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், இரண்டு வருஷத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஆண்டுக்கு லட்சத்தில் 0.70 என்பதிலிருந்து 1990களின் தொடக்கத்தில் 0.36 ஆகக் குறைந்தது. ஒரு தடுப்பூசி மனிதர்களிடம் புற்றுநோயைக் குறைத்ததற்கு அதுவே முதல் சான்று.

பிளம்பெர்க்குக்கும் சென்னைக்கும் உள்ள தொடர்பு நம்மில் அதிகம் பேருக்குத் தெரியாது. அது கீழாநெல்லி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜனும் உடன் பணிபுரிந்தவர்களும், காமாலைக்கு நம் ஊரில் அரைத்துக் கொடுக்கும் இந்தச் செடி ஹெபடைட்டிஸ் பி மீது வேலை செய்கிறதா என்று 1980களின் தொடக்கத்திலிருந்தே ஆராய்ந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பெர்க் மூவரும் அதன் சாற்றை ஆய்வகத்திலும், இதே குடும்பத்து வைரஸைச் சுமக்கும் வுட்சக் என்ற அமெரிக்க விலங்கிடமும் சோதித்து 1987இல் வெளியிட்டார்கள். 1988இல் சென்னை மக்களிடம் நடந்த சோதனை லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜென் மறைந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம்தான் மறைந்தது என்றது அந்தக் கட்டுரை. பெரும் நம்பிக்கை பிறந்தது.

அடுத்து தாய்லாந்தில் செய்தார்கள், நியூஸிலாந்தில் செய்தார்கள். அங்கெல்லாம் ஆன்டிஜென் மறையவில்லை. இன்றுவரை கீழாநெல்லி நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யைப் போக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நாட்டு மருந்து என்று ஒதுக்காமல் முறையாகச் சோதித்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தச் சோதனைகள் சொன்ன பதிலையும் அதே மரியாதையோடு ஏற்க வேண்டும். கீழாநெல்லிக்குப் பேர் வந்ததற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நம் ஊரில் வரும் காமாலையில் பெரும்பகுதி, தண்ணீர் வழியே வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ. அவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். என்ன கொடுத்திருந்தாலும் அதற்குப் பேர் கிடைக்கும். ஆபத்து எங்கே என்றால், கண்ணில் மஞ்சள் போனதும் நோய் போய்விட்டது என்று பி வைரஸ் உள்ளவரும் நம்பி, ரத்தத்தைச் சோதிக்காமல் விட்டுவிடுவதில்தான்.

பிளம்பெர்க் அப்புறமும் ஓயவில்லை. 1989 முதல் 1994 வரை ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1999இல், பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று ஆராயும் நாசா நிறுவனத்துக்கு முதல் இயக்குநரானார். 2011 ஏப்ரல் 5 அன்று கலிஃபோர்னியாவில் உள்ள நாசா மையத்தில் ஒரு கருத்தரங்கில் பேசியபிறகு இறந்தார். வயது 85.

அவர் கண்டுபிடித்த வைரஸுக்கு இன்று மாத்திரைகள் உண்டு. டெனோஃபோவிர் போன்றவை வைரஸ் பெருகாமல் அடக்கிவைக்கும், ஆனால் முழுதாகத் துடைக்காது. வைரஸின் மரபுப் பொருள் ஒரு வளையமாகக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் பதுங்கியிருக்கிறது. மாத்திரை அங்கே எட்டுவதில்லை. அதனால் பலர் வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் 25.4 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பி-யோடு வாழ்ந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய 3 கோடிப் பேர் இந்தியர்கள். தொற்று இருப்பதைச் சோதித்துத் தெரிந்துகொண்டவர்கள் உலக அளவில் 13 சதவீதம் மட்டுமே. இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். குழந்தைகளுக்கான ஊசி 2002-03இல் சில இடங்களில் தொடங்கி 2011இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் அதைச் சேர்த்துக் கொடுப்பது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது.

ஒரு வீட்டில் ஒருவருக்கு பாசிட்டிவ் என்று வந்தால், மற்றவர்களும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். நெகட்டிவ் என்றால், எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே இல்லாதவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி. சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது தொற்றாது, தட்டைத் தனியாக வைக்கத் தேவையில்லை. ஷேவிங் பிளேடும் பல் துலக்கும் பிரஷும் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். கர்ப்பிணிக்கு எடுக்கும் ரத்தச் சோதனைச் சீட்டில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று ஒரு வரி இருக்கும். பிளம்பெர்க்கின் ஆஸ்திரேலியா ஆன்டிஜெனுக்கு இன்றைய பெயர் அதுதான். அங்கே பாசிட்டிவ் என்றிருந்தால் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்: குழந்தைக்கு முதல் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும், கூடவே தயார்நிலை ஆன்டிபாடிகள் அடங்கிய இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும்.